ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பானில் தெரியாத பாகம் கிடந்தால்: துடைக்கும் முன் செய்ய வேண்டியவை

கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவதற்காகப் பானை, அதாவது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை, இறக்குகிறீர்கள். கறுத்த ஆயிலுக்கு அடியில் ஏதோ ஒன்று கிடக்கிறது. புதிதாக வேலை செய்பவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் "கியர்பாக்ஸ் போச்சு" என்று பதறி வண்டியை விற்கக் கிளம்புகிறார்கள். மற்றவர்கள் கிடந்ததைக் குப்பையில் போட்டுவிட்டு, பானைப் பளபளவென்று துடைத்து மாட்டிவிடுகிறார்கள். இந்த இரண்டாவது ரகம்தான் எனக்கு அதிகம் எரிச்சல் தரும். பானில் கிடப்பது, காந்தத்தில் ஒட்டியிருப்பது, ஃபில்டருக்குள் சிக்கியிருப்பது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்க முடியும். துடைத்த பிறகு எவ்வளவு பெரிய மெக்கானிக்காலும் ஒன்றும் சொல்ல முடியாது.

எனவே இந்த வழிகாட்டியில் துடைப்பது கடைசியில்தான் வரும்.

1. எந்த வண்டியை வைத்துச் சொல்கிறேன்

ஃபோர்டின் 4ஆர்70டபிள்யூ என்ற நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கா, கனடாவில் போலீஸ் வண்டியாகவும் டாக்ஸியாகவும் ஓடிய கிரௌன் விக்டோரியா, அதன் உடன்பிறப்பான மெர்க்குரி கிராண்ட் மார்க்கி, லிங்கன் டவுன் கார், அந்தக் காலத்து மஸ்டாங், எஃப்-150 எல்லாவற்றிலும் இது வந்தது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும், வீட்டு வாசலிலேயே வேலை பார்க்கலாம், பானில் மர்மப் பொருள் கிடைப்பதில் பெயர் போனதும் இதுதான்.

டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வைத்த மற்றக் கியர்பாக்ஸ்களுக்கும் வரிசை இதேதான். ஆயில் வகை, அளவு, போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்ற டார்க் கணக்கு மட்டும் மாறும். சிவிடி, டபுள் கிளட்ச் கியர்பாக்ஸ்களுக்கு இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவற்றின் பாகங்களும் தேய்மானமும் வேறு.

2. பானைத் தொடும் முன் கையில் இருக்க வேண்டியவை

பான் திறந்த நிலையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்கு ஓட முடியாது. அதனால் முதலில் சாமான்:

ஃபில்டர், அதோடு வரும் சீல், பான் கேஸ்கெட். உங்கள் ஆண்டு, மாடலுக்கு உரிய ஆயில். இந்தப் பெட்டிக்கு மெர்கான் வி. பானை மட்டும் இறக்கினால் சுமார் ஐந்து லிட்டர் போகும், கையில் ஏழு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கொள்ளளவு சுமார் 13 லிட்டர். மிச்சம் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும்.

10 மில்லிமீட்டர் சாக்கெட், சிறிய அளவுகளைக் காட்டும் டார்க் ரெஞ்ச், நீண்ட மூக்குப் புனல், நல்ல டார்ச், ஒரு காந்தக் குச்சி, பஞ்சு உதிராத துணி. கேஸ்கெட்டுக்கு சிலிக்கான் பேஸ்ட் வாங்காதீர்கள். ஏன் என்று கீழே வரும்.

புதியவர்கள் விட்டுவிடுவது மூன்று: ஆயிலைப் பிடிக்க வெளிர் நிறத்தில் அகலமான பிளாஸ்டிக் தொட்டி, பாகங்களைப் பரப்ப வெள்ளை அட்டை அல்லது தட்டு, அளவெடுக்க ஒரு வெர்னியர். கறுப்புத் தொட்டியில் கறுத்த ஆயிலைப் பிடித்தால் அதில் விழுந்த சின்னக் கிளிப் கண்ணில் படவே படாது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக் ஸ்டாண்ட் மேல் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகக் கூடாது. இதில் பேச்சே இல்லை.

3. முதலில் ஓட்டிப் பாருங்கள், எழுதி வையுங்கள்

பானில் ஒரு பாகம் கிடந்தால் அடுத்து எழும் கேள்வி: "வண்டி எப்படி ஓடிக்கொண்டிருந்தது?" ஆயிலை இறக்கிய பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் தேட முடியாது. அதனால்தான் இது மூன்றாவது படியாக இங்கே இருக்கிறது.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மெதுவாக ஓட்டி, ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு என்று ஒவ்வொரு மாற்றத்தையும் கவனியுங்கள். உதைக்கிறதா, வழுக்கி இன்ஜின் மட்டும் இரைகிறதா, டிரைவ் போட்டதும் பிடிக்கிறதா, ரிவர்ஸ் தாமதிக்கிறதா? நான்காவது கியரில் சீராகப் போகும்போது கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளும் நொடியில் வண்டி உதறுகிறதா? இந்தப் பெட்டியில் பழைய ஆயிலோடு அந்த உதறல் சகஜம். பல நேரம் ஆயில் மாற்றினாலே போய்விடும்.

ஓவர் டிரைவ் ஆஃப் விளக்கு தானாக மினுக்கினால் கம்ப்யூட்டரில் பிழைக் குறியீடு பதிவாகியிருக்கிறது. ஸ்கேனர் வைத்துப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அழிக்காதீர்கள்.

கடைசியாக டிப்ஸ்டிக். ஆயில் சிவப்பா, பழுப்பா, கருகிய வாடை அடிக்கிறதா? பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் கசிந்து கூலன்ட் கலந்துவிட்டது என்று அர்த்தம். அது கிளட்ச் பிளேட்டின் லைனிங்கைப் பிடித்திருக்கும் பசையைக் கெடுத்துவிடும். வெறும் ஆயில் மாற்றத்தில் தீராது.

4. வெளிப்பக்கத்தைக் கழுவுங்கள், போல்ட்டை எண்ணுங்கள்

பானைச் சுற்றி ஒட்டியிருக்கும் மண், பழைய ஆயில் பிசுக்கு எல்லாவற்றையும் பிரஷ், பிரேக் கிளீனர் கொண்டு சுத்தம் செய்யுங்கள். சுத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பானை அசைக்கும்போது வெளியே இருந்த கல்லும் துரும்பும் தொட்டியில் விழும். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு "இது எந்த பேரிங்கில் இருந்து வந்தது?" என்று பாதி நாள் குழம்புவீர்கள்.

பான் போல்ட் 14 இருக்க வேண்டும். குறைந்தாலோ, ஒன்று மட்டும் வேறு தலையோடு இருந்தாலோ யாரோ முன்பே கை வைத்திருக்கிறார்கள். கேஸ்கெட் ஓரத்தில் சிலிக்கான் பிதுங்கியிருந்தாலும் அதே முடிவுதான். இதைக் குறித்து வையுங்கள், ஏழாவது படியில் உதவும்.

5. பானை இறக்குவது

ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள். ஓட்டி வந்த சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும். முழுக்க ஆறிவிட்டால் துகள்கள் அடியில் படிந்து இறுகிவிடும், மெதுவாக வடியும்.

வடிகால் போல்ட் இல்லாத பான் இது. எல்லா போல்ட்டையும் சற்றுத் தளர்த்துங்கள். பின்பக்கம், பக்கவாட்டு போல்ட்களைக் கழற்றி, முன்பக்கத்தில் சிலவற்றை மட்டும் சில திருப்பு தளர்த்தி விடுங்கள். பானின் பின்முனையை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் கேஸ்கெட் விடும், அந்த மூலை வழியாக ஆயில் இறங்கும். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினிய விளிம்பில் கீறல் விழும். அப்புறம் எந்தக் கேஸ்கெட் போட்டாலும் கசியும்.

ஆயில் வடிந்ததும் மிச்ச போல்ட்களைக் கழற்றி, பானை இரண்டு கையாலும் சமமாகப் பிடித்து இறக்குங்கள். கவிழ்க்காதீர்கள். அடியில் ஒரு விரற்கடை ஆயில் நிற்கும். அது அப்படியே இருக்கட்டும்.

6. கையை விடாமல் முதலில் பார்ப்பது

பானைத் தரையில் வைத்து மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். எந்தப் பக்கம் வண்டியின் முன்பக்கம் என்று ஒரு துண்டு டேப் ஒட்டிக் காட்டுங்கள். பாகம் எந்த மூலையில் கிடந்தது என்பது சில நேரம் எதற்கு நேர் கீழே விழுந்தது என்று காட்டிக்கொடுக்கும். வண்டி ஓடும்போது ஆயில் அலசுவதால் இதை முழுசாக நம்ப முடியாது. ஆனாலும் இரண்டு விநாடி வேலைதானே.

பிறகு ஆயிலை மெல்லச் சாய்த்து, சல்லடைத் துணி வழியாகத் தொட்டியில் ஊற்றுங்கள். மிஞ்சுவதை எல்லாம் வெள்ளை அட்டையில் பரப்புங்கள். தொட்டியில் முதலில் வடிந்த ஆயிலையும் காந்தக் குச்சியால் துழாவுங்கள்.

இப்போது பானில் இருக்கும் வட்டக் காந்தம். அதன்மேல் சாம்பல் நிறக் குழைவு படிந்திருக்கும். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மை மாதிரி வழுவழுவென்று பரவி, விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்தால் அது வழக்கமான தேய்மானம். இரும்புப் பிளேட்டுகள் ஆண்டுக்கணக்கில் உரசியதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. அதில் நறநறவென்று தட்டுப்பட்டாலோ, வெளிச்சத்தில் ஊசி ஊசியாக மின்னினாலோ விஷயம் வேறு.

7. மஞ்சள் பிளக்

கிடப்பது பிளாஸ்டிக்கா? மேலே அகலமான தலை, கீழே தண்டு, நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர், பெரும்பாலும் மஞ்சள் நிறம்? ஆயிலில் ஊறிப் பழுப்பேறியும் இருக்கலாம். அப்படியானால் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸில் எதுவும் உடையவில்லை.

கியர்பாக்ஸ் ஒரு தொழிற்சாலையில் தயாராகி, கார் தயாராகும் இன்னொரு இடத்துக்குப் போகிறது. வழியில் டிப்ஸ்டிக் குழாய் நுழையும் துளை வழியாகத் தூசு போகாமலும் ஆயில் சிந்தாமலும் இருக்க அந்தத் துளையில் ஒரு பிளக் செருகுகிறார்கள். கார் அசெம்பிளியில் குழாயை மாட்டும்போது பிளக்கை வெளியே எடுப்பதற்குப் பதில் குழாயாலேயே உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அது பானில் விழுந்து, அடுத்து யாராவது பானை இறக்கும் வரை அங்கேயே கிடக்கும். ஃபோர்டின் இ4ஓடி, 4ஆர்100 போன்ற டிரக் கியர்பாக்ஸ்களிலும் இதே கதைதான்.

ஃபில்டரைத் தாண்டிப் போகும் அளவு அது சிறியதல்ல. அதனால் பம்ப்புக்கோ வால்வுக்கோ தொல்லை இல்லை. எடுத்துவிடுங்கள், திரும்ப எங்கேயும் மாட்ட வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "இது எங்கிருந்து கழன்றது?" என்று மேலே வால்வு பாடியில் (கியர் மாற ஆயிலைப் பிரித்து அனுப்பும் பாகத்தில்) இருக்கும் துளைகளில் எல்லாம் செருகிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே இருக்கும் துளைகள் ஆயில் போகவோ வடியவோ வைத்தவை. அடைத்தால் நல்ல பெட்டியை நீங்களே கெடுத்ததாக ஆகும்.

பிளக்தானா என்று உறுதி செய்ய மூன்று சோதனை. உடைந்த முகம் எங்கும் இருக்கக் கூடாது. முழுப் பொருளாக, வார்த்த ஓரங்களோடு இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த தடம் இருக்கக் கூடாது. தண்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்தால், டிப்ஸ்டிக் குழாய் நுழையும் துளையில் செருகக்கூடிய அளவில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் எட்டாவது படிக்குப் போங்கள்.

இந்தப் பிளக் இன்னொரு தகவலையும் தருகிறது: இதுவரை யாரும் இந்தப் பானை இறக்கவில்லை, ஃபில்டரும் தொழிற்சாலையில் போட்டதுதான். தெரிந்தவர் ஒருவர் கிரௌன் விக்டோரியா வாங்கினார். விற்ற கடை "ஃபில்டரோடு கியர்பாக்ஸ் சர்வீஸ் முடிந்தது" என்று பில்லே கொடுத்திருந்தது. பானை இறக்கியதும் பில்லையும் பிளக்கையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பினார். பணம் திரும்பி வந்துவிட்டது.

அதற்காக ஆயிலே மாற்றப்படவில்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. கூலர் குழாயில் மெஷினை மாட்டி, பானைத் தொடாமலே ஆயில் மாற்றுவது உண்டு. பிளக் இல்லாவிட்டாலும் ஒழுங்காக சர்வீஸ் நடந்தது என்று சொல்ல முடியாது. யாரோ ஒரு முறை திறந்திருக்கலாம், அவ்வளவுதான்.

8. பிளக் இல்லை என்றால்: எதனால் ஆனது, எப்படி உடைந்தது

பெயர் கண்டுபிடிக்க அவசரப்படாதீர்கள். பொருளை முதலில் பிரியுங்கள். அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: பேரிங், கிளிப், ஸ்னாப் ரிங், ஸ்பிரிங், பற்சக்கரம். ஒட்டாமல், எடை குறைவாக வெள்ளியாக மின்னினால் அலுமினியம்: கேஸ், பிஸ்டன், வால்வு பாடி வழி. பொன்னிறம் அல்லது செம்பு நிறம் என்றால் புஷ் அல்லது த்ரஸ்ட் வாஷர். பழுப்புக் கறுப்பில் அட்டை மாதிரி பிய்ந்தால் கிளட்ச் பிளேட் அல்லது பேண்டின் லைனிங். ரப்பர் என்றால் வளைத்துப் பாருங்கள்; வளையாமல் ஒடிந்தால் உள்ளே பிஸ்டன் சீல்கள் வெந்து இறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து உடைந்த முகம். சொரசொரவென்று புதிதாக மின்னினால் அண்மையில் உடைந்தது. ஓரம் மழுங்கி வழுவழுப்பாகியிருந்தால் உடைந்து ரொம்ப நாளாக உள்ளே உருண்டிருக்கிறது. உடைந்த துண்டு ஒன்று கிடைத்தால் மறுபாதி எங்கே என்று கேளுங்கள். அது கிடைக்காதவரை அந்த வேலை முடியவில்லை.

அடிக்கடி கிடைப்பவை, கவலை ஏறும் வரிசையில்:

சிலிக்கான் இழை. முன்பு யாரோ கேஸ்கெட்டோடு பேஸ்ட் பூசி இறுக்கியதன் மிச்சம். உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, ஃபில்டர் வாயில் போய் ஒட்டும். பாகம் உடையவில்லை, ஆனால் ஃபில்டர் அடைந்தால் பம்ப் ஆயில் இல்லாமல் தவிக்கும். பேஸ்ட் வாங்காதீர்கள் என்றது இதற்குத்தான்.

முழு போல்ட். மேலே ஏதாவது துளை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று காலி, மரை நன்றாக இருக்கிறது, நீளமும் பொருந்துகிறது என்றால் கையேடு சொல்லும் டார்க்கில் திரும்ப மாட்டலாம். வால்வு பாடி போல்ட்கள் எல்லாம் ஒரே நீளம் என்று நினைக்கக் கூடாது. நீளமானதைத் தவறான இடத்தில் இறுக்கினால் கேஸ் உடையும். எந்தத் துளையும் காலி இல்லை என்றால், முன்பு வேலை செய்தவர் கைதவறி விட்டதாக இருக்கலாம். உங்கள் டூல் தட்டிலிருந்து இப்போது விழுந்ததில்லையே என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய உருண்டை. வால்வு பாடிக்கும் அதன் தட்டுக்கும் நடுவே, ஆயிலை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் செக் பால்கள் உண்டு. பானை இறக்கியதால் மட்டும் அவை விழாது. ஒன்று கிடந்தால் முன்பு வால்வு பாடியைத் திறந்தவர் அதை அதன் இடத்தில் வைக்காமல் மூடியிருக்கிறார் என்று முதலில் சந்தேகப்படுங்கள். கியர் மாற்றம் உதைக்கிறதா என்று மூன்றாவது படியில் எழுதியது இப்போது கைகொடுக்கும்.

ஸ்பிரிங் அல்லது அதன் துண்டு. இந்தப் பெட்டியில் ஒன்று-இரண்டு அக்குமுலேட்டரின் (ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் உதையைத் தணிக்கும் பாகத்தின்) ஸ்பிரிங் உடைவது உண்டு. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதை இருந்ததா என்று குறிப்பைப் பாருங்கள். அதன் மூடியை மட்டும் அனுபவம் இல்லாமல் கழற்றாதீர்கள். பின்னால் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், முகத்துக்கு நேரே பாயும்.

ஸ்னாப் ரிங் துண்டு, ஊசி மாதிரி சின்ன உருளைகள், பற்சக்கரத் துணுக்கு. இங்கே பேச்சு முடிந்தது. ஊசி உருளை என்றால் ஒரு த்ரஸ்ட் பேரிங் பிரிந்துவிட்டது. ஒன்று கிடைத்தால் மற்றவை உள்ளே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இன்னும் பெயர் தெரியவில்லையா? டிரைவர் கதவுச் சட்டத்தில் இருக்கும் ஸ்டிக்கரில் கியர்பாக்ஸ் குறியீடு இருக்கும். அதை வைத்து சர்வீஸ் கையேட்டின் பிரித்துக் காட்டும் படத்தை எடுங்கள். வெர்னியர் அளவோடு ஒப்பிடுங்கள். கியர்பாக்ஸ் ரீபில்ட் செய்யும் ஆளிடம் படம் அனுப்புவதானால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, இரண்டு பக்கமும் எடுத்து அனுப்புங்கள். கறுத்த கையில் கறுத்த பாகத்தை வைத்து மங்கலாக எடுத்த படத்துக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

9. நிமிர்ந்து மேலே பாருங்கள்

பானையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேலே பார்க்க மறப்பவர்கள் நிறைய. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சொட்டிக்கொண்டே இருக்கும்.

டார்ச் அடித்து வரிசையாகப் போங்கள்: வால்வு பாடி போல்ட் எல்லாம் இருக்கிறதா, சாலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் ஆயில் வால்வு) கனெக்டர்களின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கிறதா, கியர் லீவரோடு அசையும் உருளை வைத்த பட்டை ஸ்பிரிங் இடத்தில் இருக்கிறதா, உள் ஒயரிங் எங்காவது தொங்குகிறதா. வேறொருவரை கியர் லீவரை பார்க்கிலிருந்து கீழ்வரை நகர்த்தச் சொல்லி அசைவைப் பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், சக்கரத்தில் கட்டை இருக்க வேண்டும்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, வால்வு பாடியையும் இறக்கிப் பார்த்துவிடலாமே" என்று தோன்றும். வேண்டாம். அதை இறக்கினால் செக் பால்கள் உருண்டு விழும், எது எங்கே இருந்தது என்று தெரியாது. ஒரு பாகத்துக்கு விடை தேடப் போய் ஏழெட்டுப் பாகத்துக்கு இடம் தேட வேண்டிவரும்.

10. ஃபில்டரை இழுங்கள், சீலைத் தேடுங்கள், பழையதைப் பிரியுங்கள்

இந்தப் பெட்டியின் ஃபில்டருக்கு போல்ட் கிடையாது. கழுத்தை ஒரு சீல்தான் பிடித்திருக்கும். லேசாக ஆட்டி நேர்கீழாக இழுத்தால் வந்துவிடும், கூடவே ஒரு கோப்பை ஆயிலும் வரும்.

பழைய சீல் ஃபில்டரோடு வந்ததா என்று உடனே பாருங்கள். பல நேரம் துளைக்குள்ளேயே தங்கிவிடும். அது இருப்பது தெரியாமல் புதிய சீலோடு புதிய ஃபில்டரைத் தள்ளினால் சரியாக உட்காராது. பம்ப் காற்றை இழுக்கும், முனகும், டிரைவ் போட்டாலும் வண்டி நகரத் தயங்கும். "சர்வீஸ் செய்த பிறகுதான் கியர்பாக்ஸ் கெட்டது" என்ற புலம்பல்களில் சில இந்த ஒரு ரப்பர் வளையத்தால் வந்தவை. எடுக்கும்போது துளையின் சுவரில் கீறல் விழாமல் பிளாஸ்டிக் கொக்கியால் எடுங்கள்.

அடுத்து பழைய ஃபில்டரை வைஸில் பிடித்துப் பிளந்து திறங்கள். பானில் கிடப்பது பெரிய துண்டு மட்டும்தான். பம்ப் இழுத்த சிறு துகள் எல்லாம் ஃபில்டர் துணியில் இருக்கும். பானில் ஒரு பாகம் மட்டும் கிடந்து, ஃபில்டர் துணியும் சுத்தமாக இருந்தால் உள்ளே நடந்துகொண்டிருக்கும் தேய்மானம் இல்லை என்று ஓரளவு நம்பலாம். துணி முழுக்கப் பொன்னிறத் தூளோ அலுமினியச் செதிலோ மின்னினால், கையில் இருக்கும் பாகம் எவ்வளவு அப்பாவியாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள்.

11. மூடுவதா, நிறுத்துவதா

பிளக், சிலிக்கான், இடம் தெரிந்த போல்ட்: மூடி ஓட்டலாம்.

ரப்பர் துண்டு, ஸ்பிரிங், செக் பால், கொஞ்சம் லைனிங்: வண்டி எப்படி ஓடியது என்பதைப் பொறுத்தது. நன்றாக ஓடியது, துகளும் இல்லை என்றால் மூடிக் கொஞ்ச காலம் கவனிக்கலாம். ஏற்கெனவே வழுக்கியிருந்தால் ரீபில்டருக்கு நேரம் வாங்குங்கள். புது ஆயில் தேய்ந்த லைனிங்கை வளர வைக்காது. இந்த நிலையில் மெஷின் வைத்து அழுத்தமாக அலசச் சொல்லும் யோசனையை நான் ஏற்பதில்லை. பானை இறக்கி மாற்றுவதே போதும்.

பேரிங் உருளை, ஸ்னாப் ரிங், பல் துணுக்கு, உலோகச் செதில்: வண்டி ஓட்டக் கூடாது, இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். பின்சக்கரத்தில் ஓடும் வண்டி இது. பின்சக்கரம் தரையில் உருள இழுத்தால், இன்ஜின் ஓடாததால் பம்ப் ஆயில் தராமல் கியர்பாக்ஸ் இன்னும் கெடும். தட்டு டிரக்கில் ஏற்றச் சொல்லுங்கள். பாகங்களை ஜிப் பையில் போட்டுக் கூடவே கொடுங்கள். ஆளுக்குப் பாதி வேலை மிச்சம்.

12. இப்போது துடைக்கலாம், மூடலாம்

பானையும் காந்தத்தையும் கழுவி உலர்த்தி, காந்தத்தை அதன் பள்ளத்திலேயே வையுங்கள். புது ஃபில்டரைப் பழையதன் பக்கத்தில் வைத்து உயரம் ஒன்றா என்று பார்த்து மாட்டுங்கள். பானின் ஆழத்துக்கு ஏற்ப ஃபில்டரிலும் வகை உண்டு.

தொழிற்சாலைக் கேஸ்கெட் இரும்பு நடுவில் வைத்த ரப்பர் வகையாக இருந்து, கிழியாமலும் இருந்தால் அதையே திரும்பப் போடலாம். மட்டமான கார்க் கேஸ்கெட்டைவிட அது மேல். போல்ட்களை முதலில் கையால் பிடிக்கவிட்டு, எதிரெதிராக இரண்டு சுற்றில் 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். கசியுமோ என்று கூடுதலாக ஒரு இழு இழுப்பதுதான் பான் விளிம்பு வளைவதற்கும் பிறகு கசிவதற்கும் காரணம்.

வடிந்த ஆயிலை அளந்து வைத்திருந்தால் கணக்கு சுலபம். நான்கு லிட்டர் ஊற்றி இன்ஜினை ஓட விடுங்கள். பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில விநாடி நிறுத்தி, பார்க்குக்குத் திரும்புங்கள். இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஆயில் 65 முதல் 75 டிகிரி சூட்டில் இருக்கும்போது குறுக்குக்கோடு போட்ட பகுதிக்குள் நிற்க வேண்டும். கூடிவிட்டால் நுரைத்து, குறைந்ததற்கு இணையான கெடுதல் செய்யும்.

13. மறுபடி எப்போது பார்ப்பது

முதல் ஓட்டத்துக்குப் பிறகு அடியில் கசிவு, அடுத்த நாள் காலையில் ஆயில் மட்டம். பழைய ஆயிலை மூடிய கேனில் ஊற்றி, பாகக் கடைகளில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பிளக் மட்டும் கிடைத்தவர்களுக்கு இதோடு வேலை முடிந்தது. சந்தேகத்தோடு மூடியவர்கள் ஆயிரம் கிலோமீட்டர் போல ஓட்டிவிட்டு இன்னொரு முறை பானை இறக்குங்கள். அதே கேஸ்கெட், இரண்டு மணி நேர வேலை. காந்தம் கழுவி வைத்தது என்பதால், இப்போது அதில் இருப்பதெல்லாம் இந்த ஆயிரத்தில் வந்தது. பழைய போட்டோவோடு ஒப்பிடுங்கள். மெல்லிய சாம்பல் படலம் என்றால் ஃபில்டரைத் தொடாமல் மூடிவிட்டு ஓட்டுங்கள். அதே அளவு செதில் மறுபடி சேர்ந்திருந்தால் ரீபில்டருக்குப் போன் போடுங்கள், பானையும் துடைக்காமல் எடுத்துப் போங்கள்.